குழந்தையின் காக்ளியர் அறுவைக்கு நிதி திரட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

சிங்கப்பூரில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று இரவே வாட்ஸ்அப்பில் உதவி கேட்டுச் செய்தி போய்விடுகிறது. பெற்ற மனம் பதறுவதில் குற்றமே இல்லை. ஆனால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு அந்த முதல் செய்திதான் காரணம். அறுவை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி எல்லாக் குழந்தைக்கும் பொருந்துவதில்லை. செவிநரம்பு இருக்கிறதா, உள்காதின் நத்தைச்சுருள் சரியாக உருவாகியிருக்கிறதா என்பதை எம்ஆர்ஐ எடுத்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலும் சில மாதம் சாதாரணக் காது மெஷினை மாட்டியும் பார்ப்பார்கள். நரம்பே இல்லாத குழந்தைக்கு இந்தக் கருவி பலன் தருவது அரிது. அதற்குள் முந்நூறு பேரிடம் பணம் வாங்கியிருந்தால் யாருக்கு எவ்வளவு திருப்புவது? கருவி பொருந்தும் என்று மருத்துவமனை எழுத்தில் தரும்வரை பொதுவில் கேட்காதீர்கள்.

அந்தக் காத்திருப்பைச் சோம்பலாக எண்ண வேண்டாம், கடிதங்களைத் திரட்டும் நேரம் அது. மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த குழந்தையின் நிலை மட்டும் வேறு. நத்தைச்சுருளுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால் சில வாரங்களுக்குள்ளேயே முடிவெடுப்பார்கள். அப்படியானால் மருத்துவமனையின் சமூக ஊழியரிடம் முதல் நாளே அவசரத்தைச் சொல்லிவிடுங்கள்.

<b>தொகையில்தான் பெரிய பிழை</b>

யாரோ இணையத்தில் போட்ட ஒரு தொகையைப் பார்த்து அதையே கேட்பது மிகப் பெரிய தவறு. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையோ, உங்கள் குழந்தைக்கென்று எழுத்தில் செலவு மதிப்பீடு கேளுங்கள். ஒரு காதுக்கா இரண்டுக்கா, எந்த வகுப்பு வார்டு, தோலுக்கு அடியில் வைக்கும் பாகத்துக்கும் வெளியே மாட்டும் ஒலிச்செயலிக்கும் தனித்தனியே எவ்வளவு என்று வரி வரியாக இருக்க வேண்டும். அரசு மானியம் பெறாத நோயாளி என்றால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். சில ஆயிரம் வெள்ளியைக் கடைசி நேரத்தில் தேட வைத்துவிடும் வரி இது.

தனியார் நோயாளியாகப் பதிந்திருந்தால் மானிய விலை கிடைக்காது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு மானியப் பிரிவுக்கு மாற வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிட்டு, அதே பணத்தை ஊராரிடம் கேட்பவர்கள் உண்டு.

அடுத்து, எவ்வளவு குறையும் என்று பாருங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி உண்டு, பிறவிக் குறைபாடும் அதில் அடங்கும். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு, குழந்தையின் சிடிஏ (பிள்ளை மேம்பாட்டு) கணக்கு ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். அதற்கும் மேல் கட்ட முடியாத குடிமக்கள் குழந்தைகளுக்கு மெடிஃபண்ட் ஜூனியர் என்ற அரசு உதவி நிதி இருக்கிறது. மருத்துவச் சமூக ஊழியர்தான் இதற்கெல்லாம் வாசல். பின்னாளில் ஒலிச்செயலியை மாற்றவோ பழுதுபார்க்கவோ உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் துணைத் தொழில்நுட்ப நிதியைக் கேட்கலாம். தகுதி பெறுவோருக்கு 90 விழுக்காடு வரை தரும், வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. சார்ந்திருப்போர் அட்டையில் (வெளிநாட்டு ஊழியரின் குடும்பத்தாருக்கான அனுமதி) இருக்கும் குழந்தைக்கு இவற்றில் பெரும்பாலானவை இல்லை. அந்தக் குடும்பம் அதை வெளிப்படையாகவே எழுதலாம்.

திரட்டிய பணத்தைச் சமூக ஊழியரிடம் மறைக்காதீர்கள். உதவித் திட்டங்கள் கையிருப்பையும் பார்க்கும். பின்னால் தெரிந்தால் இரு பக்கமும் நம்பிக்கை போய்விடும்.

அறுவையோடு செலவு முடிந்துவிடுவதாக நினைப்பது அடுத்த பிழை. அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் கழித்தே கருவியை முதன்முதலாக இயக்குவார்கள். பிறகு ஒலி அளவுகளைக் குழந்தைக்கேற்பச் சரிசெய்ய, மேப்பிங் என்பார்களே, அதற்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கேட்கவும் பேசவும் பயிற்சி ஆண்டுக்கணக்கில் நடக்கும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு உலர்பெட்டி இல்லாமல் ஒலிச்செயலி தாங்காது. இரண்டு வயதுப் பிள்ளை விளையாட்டுத் திடலில் ஓடும்போது, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் சுருள் கழன்று மணலில் விழும். அதன் மெல்லிய கம்பி அறுந்தாலும் ஒலி நின்றுவிடும். எனவே உத்தரவாதம் எத்தனை ஆண்டு, சுருள், கம்பி, பேட்டரி என்ன விலை என்று விற்பனையாளரிடம் எழுதி வாங்கி, தொகையில் சேருங்கள்.

வேண்டுகோளில் கணக்கு இப்படித் தெரிய வேண்டும் (எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்): "மருத்துவமனை மதிப்பீடு 46,000 வெள்ளி. மானியம், காப்புறுதி, மெடிசேவ் போக மிச்சம் 14,500. முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கும் உதிரிப் பாகங்களுக்கும் 6,000. நாங்கள் போடுவது 4,500. வேண்டியது 16,000." இதைப் படிப்பவர் கேள்வி கேட்கத் தேவையே இருக்காது.

<b>எங்கே கேட்பது</b>

தேக்காவில் உண்டியல் ஏந்தி நிற்பதோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் வீடு வீடாகப் போவதோ நல்ல எண்ணத்தில் செய்தாலும் அனுமதி வேண்டிய செயல். வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவது பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போலிஸ் உரிமம் பெறாமல் இறங்காதீர்கள். குழந்தை தமிழ்நாட்டில் இருந்து, பணம் அங்கே செலவாகும் என்றால் விதி மாறும். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். குழுக்களில் பகிரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இணையத் தளங்களிலும் வேறுபாடு உண்டு. கிவிங்.எஸ்ஜி பதிவுபெற்ற அறநிறுவனங்களுக்கானது, தனிக் குடும்பத்தின் வேண்டுகோளை அங்கே போட முடியாது. கிவ்.ஏஷியாவில் குடும்பமே தொடங்கலாம். ரே ஆஃப் ஹோப் அறநிறுவனம் நிலைமையை நேரில் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறது. தாமதம் ஆனாலும் சரிபார்க்கப்பட்ட வேண்டுகோளே எங்கள் தேர்வு, கொடுப்பவர் தயங்குவதில்லை. எந்தத் தளமானாலும் கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள், பணம் நேரே மருத்துவமனைக்குப் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பேநவ் (உடனடிப் பணப் பரிமாற்ற) எண்ணைச் செய்தியில் போடுவது எளிது. ஆனால் சம்பளமும் கடைச் செலவும் ஓடும் அதே கணக்கில் நன்கொடையும் விழுந்தால் ஒரு மாதத்தில் எது எதுவென்று தெரியாது. மோசடிக்காரன் உங்கள் செய்தியை எடுத்து எண்ணை மட்டும் மாற்றிப் பரப்பவும் வசதியாகிவிடும். அப்படி நடந்தால் போலிசிடம் புகார் செய்து, பகிர்ந்தவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். நண்பர்கள் உறையில் தரும் ரொக்கத்தையும் அன்றே எழுதி வையுங்கள்.

"வரிவிலக்கு உண்டு" என்று எழுதாதீர்கள். பொது நல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனத்துக்குத் தரும் தகுதியுள்ள நன்கொடைக்குத்தான் அது. தனி மனிதருக்குக் கொடுப்பதற்குக் கிடையாது.

<b>படமும் சொல்லும்</b>

மருத்துவமனைக் கட்டிலில் குழந்தையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மணிக்கட்டுப் பட்டையில் பெயர், பிறப்புச் சான்றிதழ் எண், பிறந்த தேதி எல்லாம் படிக்கும்படி இருக்கும். கடிதங்களைப் பதிவேற்றும்போதும் அப்படித்தான். எண்களையும் முகவரியையும் மறைத்த பிறகு போடுங்கள். இதே குழந்தை தொடக்கநிலை நான்கில் படிக்கும்போது வகுப்புத் தோழன் பெயரைத் தட்டித் தேடுவான். செல்லப் பெயர் போதும்.

"அறுவை முடிந்ததும் பேசிவிடுவான்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கருவி, பழுதான உள்காதைக் குணப்படுத்துவதில்லை, நரம்புக்கு மின்குறிப்பு அனுப்புகிறது. அந்தக் குறிப்பு அம்மாவின் குரல் என்று மூளை பழக மாதங்கள் ஆகும்.

<b>இந்தியாவில் செய்துகொள்ளலாம் என்றால்</b>

சென்னையில் செலவு குறைவு என்று கிளம்பும் முன் ஒரே கேள்வி: அங்கே பொருத்தும் நிறுவனமும் மாடலும் சிங்கப்பூரில் பராமரிக்கப்படுகின்றனவா? இங்குள்ள செவித்திறன் நிபுணரிடம் மேப்பிங் செய்ய முடியுமா என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். இல்லையேல் ஒவ்வொரு முறையும் விமானச்சீட்டு, உதிரிப் பாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. அத்தனை நாளும் குழந்தைக்கு உலகம் மௌனம்தான்.

மிஞ்சும் பணம் என்னவாகும் என்பதை வேண்டுகோளிலேயே எழுதிவிடுங்கள்: பயிற்சிக்கா, அடுத்த காதுக்கா, இன்னொரு குழந்தைக்கா. கருவியை இயக்கும் நாளில் குழந்தை சிரிக்கும் என்று காணொளிக்குக் கேமராவோடு காத்திருக்காதீர்கள். பல குழந்தைகள் அழும், சில ஒன்றுமே காட்டாது. அன்று கொடுத்தவர்களுக்கு இரண்டு வரி போதும்: கருவி இயங்குகிறது, இன்ன தேதியில் அடுத்த மேப்பிங், இதுவரை செலவு இவ்வளவு.