விசா ஜன்னலில் மனைவியும் பேசவேண்டும்

திருகோணமலையில் பிள்ளை அமெரிக்காவில் இருக்கிற வீடுகள் இப்போது குறைவில்லை. மகளுக்குப் பிரசவம், மகனுக்குப் பட்டமளிப்பு என்று தாயும் தகப்பனும் சேர்ந்து விசாவுக்குப் போகிறார்கள். நானும் என் கணவரும் அப்படிப் போய்வந்தவர்கள். அதனால் யாராவது எம்பசிக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக்கு வந்து, "ரீச்சர், என்ன கேப்பினம்?" என்று விசாரிப்பது வழக்கம். அநேகமாகக் கேட்பவர் கணவர். மனைவி பக்கத்தில் நின்று தலையாட்டுவார். எனக்கு அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கொழும்பில் விண்ணப்ப நிலையத்தில் கைரேகையும் படமும் எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். அமெரிக்காவுக்கு அப்படியல்ல. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இருக்கிற தூதரகத்துக்கு நேரே போய், ஜன்னலுக்கு முன்னால் நின்று அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். நான் எழுதுவது அந்த நேர்முகத்துக்காக, அதுவும் பிள்ளையைப் பார்க்கப் போகும் சுற்றுலா விசாவுக்காக.

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுற்றுலா விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றே அந்தப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று காட்டவேண்டியது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. அதைக் காட்ட உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து நின்றாலும் விண்ணப்பம் இரண்டு, முடிவும் இரண்டு. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மனைவியின் விண்ணப்பம் கணவருடையதற்கு வால் அல்ல என்பதை வீட்டிலேயே இருவரும் மனதில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை படிவத்தில் தொடங்குகிறது. டிஎஸ்-160 என்ற அந்தப் படிவத்தை இணையத்தில் ஆளுக்கு ஒன்றாக ஆங்கிலத்தில் நிரப்பவேண்டும். கடையில் கொடுத்து நிரப்பினாலும் பிள்ளை அங்கிருந்து நிரப்பினாலும் சரி, உதவியவர் யார் என்று படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி வரும். அதற்கு உண்மையான பெயரைப் போடுங்கள். 20 நிமிடம் தொடாமல் விட்டால் பக்கம் மூடிவிடும். ஆகவே தொடக்கத்தில் வரும் விண்ணப்ப இலக்கத்தை முதலில் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

நிரப்பும்போது இருவரும் ஒரே மேசையில் இருங்கள். ஒவ்வொரு கேள்வியையும் ஒருவர் தமிழில் சத்தமாகச் சொல்ல, மற்றவர் தன் வாயால் பதில் சொல்லட்டும். பல வீடுகளில் கணவர் தன்னுடையதை நிரப்பிவிட்டு, மனைவியினதையும் அவரைக் கேளாமலே "இல்லை, இல்லை" என்று அடித்துக்கொண்டு போவார். கடைசிப் பக்கங்களில் இருக்கிற பாதுகாப்புக் கேள்விகளில் இது ஆபத்து. ஆயுதக் குழுவிலோ கிளர்ச்சிக் குழுவிலோ இருந்தீர்களா, அவற்றோடு ஏதும் தொடர்பு இருந்ததா என்றும் அதில் கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகும் கேள்வி இல்லை. உங்களைக் கைது செய்தார்களா, விசாரித்தார்களா என்ற கதை ஏதும் இருந்தால், படிவத்தை அனுப்புமுன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். முக்கியமான விடயத்தில் பொய் சொல்லி அகப்பட்டால் ஆயுள் முழுக்க விசா கிடைக்காமல் போகலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மறுத்த விசாவை இன்னொரு முறை கேட்கலாம். பொய்யை அப்படித் திருத்த முடியாது.

இன்னொரு கேள்வி: உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா? கணவரின் அண்ணரோ மனைவியின் தங்கச்சியோ அமெரிக்கக் குடியுரிமை எடுத்து, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ஸ்பொன்சர் பண்ணிவிட்டு, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசாமல் விட்ட குடும்பங்கள் எங்களிடையே உண்டு. சகோதரர் மனுவுக்குக் காத்திருப்பு அவ்வளவு நீளம். உங்களுக்கு மறந்திருக்கும், அவர்களுடைய கொம்பியூட்டருக்கு மறக்காது. வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்களுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். மனு இருந்தால் "ஆம்" என்று போட்டு, ஜன்னலில் கேட்டால், "தம்பி அப்போது போட்டார், இப்போது நாங்கள் மகளைப் பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம்" என்று சொல்லுங்கள். மனு இருக்கிறது என்பதற்காக மட்டும் மறுக்கவேண்டும் என்றில்லை. மறைத்தால்தான் சிக்கல்.

பெயர். எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் பல பெண்களின் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர்தான் இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை, கணவன் பெயருக்கு மாற்றி எழுதப் போகாதீர்கள். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ அப்படியே படிவத்தில் வரவேண்டும். இருவரின் குடும்பப் பெயரும் வேறுவேறாக இருப்பதால் விவாகச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையில் வைத்திருங்கள். யுத்தத்திலோ சுனாமியிலோ தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருக்கட்டும்.

விவாகத் திகதியைப் பற்றி ஒன்று. எங்கள் ஊரில் எழுத்து, அதாவது விவாகப் பதிவு, ஒரு நாள், தாலி கட்டு இன்னொரு நாள். சிலருக்கு இடையில் மாதக்கணக்கு, இடம்பெயர்ந்து திரிந்தவர்களுக்கு வருடக்கணக்கு. "கலியாணம் எப்ப நடந்தது?" என்று கேட்டால் கணவர் எழுத்துத் திகதியையும் மனைவி கோயிலில் தாலி கட்டிய திகதியையும் சொல்வார்கள். இரண்டும் உண்மை, ஆனால் கேட்பவருக்கு அது புரியாது. சான்றிதழில் இருக்கிற திகதியை முதலில் சொல்லி, சடங்கு எப்போது நடந்தது என்பதைப் பிறகு சேர்த்துச் சொல்லுங்கள். இருவரும் அதே ஒழுங்கில் சொல்லவேண்டும்.

கட்டணம் ஆளுக்கு 185 டொலர், அதற்குரிய ரூபாயில் கட்டலாம். 2023 ஜூனிலிருந்து அந்தத் தொகை. மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். நேர்முகத்துக்கு நேரம் எடுக்கும்போது இருவரையும் ஒரே கணக்கில் குடும்பமாகப் பதிந்தால் ஒரே நேரம் கிடைக்கும். படம் இரண்டு அங்குலச் சதுரம், பின்புறம் வெள்ளை, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றியே எடுக்கவேண்டும், 2016 நவம்பரிலிருந்து அப்படித்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜன்னலில் கேட்பவை சாதாரணமான கேள்விகள்தான். ஏன் போகிறீர்கள்? அங்கே யார் இருக்கிறார்? அவர் என்ன வேலை, எந்த விசாவில் இருக்கிறார்? எவ்வளவு காலம் நிற்பீர்கள்? செலவு யார்? நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்? மற்றப் பிள்ளைகள் எங்கே? இவற்றை மனப்பாடம் செய்யவேண்டாம். மனப்பாடம் கண்ணில் தெரியும், இத்தனை வருடம் வகுப்பில் நின்ற எனக்கு அது நிச்சயம். அதைவிட, பிள்ளையோடு இருவரும் சேர்ந்து ஒருநாள் ஆறுதலாகப் பேசுங்கள். மகள் வேலை செய்யும் இடம், நகரம், மருமகனின் தொழில், வாடகை வீடா சொந்த வீடா, பிரசவத்துக்கு வைத்தியர் சொன்ன திகதி எல்லாம் தாய்க்கும் தெரிந்திருக்கவேண்டும். "அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக் கணவரைக் காட்டுகிற தாய், தன் பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறார் என்பதையே பலவீனமாக்குகிறார். மகளோடு தினமும் வட்ஸ்அப்பில் பேசுவது தாய்தான். ஆகவே பிள்ளையைப் பற்றித் தாய் பேசட்டும், செலவைப் பற்றித் தகப்பன் பேசட்டும் என்று முதலே பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அதிகாரி யார் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாரோ அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

கணவர்மாரிடம் கேட்கிறேன்: மனைவி யோசிக்கும்போது இடையில் புகாதீர்கள். பிழையாகச் சொன்னாலும் அங்கே வைத்து முறைக்காதீர்கள். அவர் முடித்ததும், "ஒரு விபரம் சேர்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மனைவிமாருக்கு ஒன்று. "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "சும்மா வீட்டிலதான்" என்று சொல்லவேண்டாம். தம்பலகாமத்தில் வயல் இருந்தால் போகம் போகமாகக் கணக்குப் பார்ப்பது நீங்கள். ரியூசன் கொடுக்கிறீர்கள், தையல் தைக்கிறீர்கள், மாமியாரைப் பராமரிக்கிறீர்கள், கோயில் மாதர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறீர்கள். இவைதான் உங்களைத் திரும்பி வரவைக்கும் காரணங்கள், அதிகாரி தேடுவதும் இவற்றைத்தான். நான் என் ஓய்வூதியத்தையும், அதற்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டியிருப்பதையும் சொன்னேன். வீட்டில் யார் இருக்கிறார், திரும்பி வந்து என்ன வேலை காத்திருக்கிறது என்று இரண்டு வசனத்தில் சொல்லிப் பழகுங்கள்.

எவ்வளவு காலம் என்பதற்கு இருவர் பதிலும் ஒன்றாக இருக்கவேண்டும், போகும் காரணத்துக்கும் பொருந்தவேண்டும். பிரசவத்துக்கு என்றால் இரண்டு மூன்று மாதம் என்பது யாருக்கும் விளங்கும். "விடுகிற வரைக்கும்" என்று சொன்னால் விளங்காது.

தமிழில் பேசத் தயங்காதீர்கள். எங்களோடு ஜன்னலில் தமிழ் தெரிந்த ஒருவர் நின்றார். அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொல்வதைவிட, வணக்கம் சொல்லித் தமிழ் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்பது எவ்வளவோ நல்லது. கணவர் ஆங்கிலத்திலும் மனைவி தமிழிலும் பேசலாம்.

பைல் ஒன்று போதும். பாஸ்போர்ட்டுகள், பழையவை இருந்தால் அவையும், இரண்டு படிவங்களின் பார்கோட் உள்ள பக்கம், நேரம் எடுத்த தாள், படங்கள், விவாகச் சான்றிதழ், வங்கிக் கூற்று, ஓய்வூதியச் சீட்டு அல்லது வேலைக் கடிதம், காணி உறுதியின் பிரதி. அழைப்புக் கடிதமோ பிள்ளையின் ஆதரவுப் பத்திரமோ சுற்றுலா விசாவுக்குத் தேவையில்லை என்று அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களமே சொல்கிறது. அதற்காகப் பிள்ளையை அலைக்கழிக்காதீர்கள். எல்லாவற்றையும் பைலுக்குள் வைத்துக்கொண்டு, கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஒரு தாளையும் கேளாமலே முடிவு சொல்வதும் உண்டு, பயப்படவேண்டாம்.

பயணத்துக்கு வருவோம். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறி, விடியப் புறக்கோட்டையில் இறங்கி, நேரே தூதரகத்துக்குப் போகும் திட்டம் வேண்டாம். நித்திரையில்லாத முகத்தோடு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டு நிற்பீர்கள். கார்த்திகை, மார்கழி மாரியில் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் நேரமே தவறிவிடும். முதல் நாளே போய் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டிலோ விடுதியிலோ தங்குங்கள். காலையில் அங்கிருந்து காலி வீதியால் 100, 101 பஸ்கள் ஓடும், ஓட்டோவும் கிடைக்கும்.

கைத்தொலைபேசியைத் தங்குமிடத்திலோ, கூட வருபவரிடமோ கொடுத்துவிடுங்கள். பெரிய பையும் சாப்பாடும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு மருந்து எடுத்துவிட்டுப் போங்கள், வரிசை நீளமாக இருக்கலாம். உள்ளே பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். சமையலில் விரல் வெட்டுப்படாமல் அந்தக் கிழமை கவனம். சேலையோ, சட்டையும் நீளக் காற்சட்டையுமோ, வழக்கமாக உடுத்துவதையே உடுத்துங்கள். பொட்டை அழிக்கவேண்டாம்.

முடிவை அநேகமாக அங்கேயே சொல்வார்கள். கிடைத்தால் பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்கள். மேலதிகப் பரிசீலனை என்றால் 221(ஜி) என்று ஒரு தாள் தருவார்கள். அதில் கேட்டதை, கேட்ட முறையில் அனுப்பவேண்டும், அது கடைசி மறுப்பு இல்லை. 214(பி) தாள் தந்தால் மேன்முறையீடு கிடையாது, நிலைமை மாறியதும் புதிதாகப் பணம் கட்டி மறுபடி கேட்கலாம். ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் வெளியே வந்து ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவேண்டாம். தாய்க்குக் கிடைத்திருந்தால் தாய் தனியே போய்ப் பிரசவம் பார்க்கலாம், தகப்பன் ஊரில் நின்று வேலைகளைப் பார்த்து, பிறகு கேட்கலாம். அப்படிச் செய்வதானால் அன்றிரவே பேசி முடிவெடுங்கள், பிரசவத் திகதி காத்திராது.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும் விமான ரிக்கற் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம். எவ்வளவு காலம் நிற்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான் தீர்மானிப்பார். வழமையாக ஆறு மாதம் வரை கொடுப்பார்கள். குடும்பமாக ஒரே ஜன்னலுக்குப் போகலாம், ஆனால் ஐ-94 என்ற வருகைப் பதிவும், அதில் இருக்கிற, நிற்க அனுமதித்த கடைசித் திகதியும் ஆளுக்கு ஒன்று. வீட்டுக்குப் போனதும் மகளைக் கொண்டு இணையத்தில் இரண்டையும் தனித்தனியே எடுத்து, இரண்டு திகதியையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.