பிடியில மயங்காதீங்க, அலகைப் பாருங்க: நல்ல மடக்குக் கத்தி வாங்கறது எப்படி

நல்ல மடக்குக் கத்தி வாங்கணும்னு கேட்டு வர பசங்க முக்கால்வாசி பேரு என்கிட்ட முதல்ல காட்டறது பிடியோட போட்டோவத்தான். டைட்டானியத்துல மயில்கழுத்து நீலம், கார்பன் ஃபைபர்ல சுழி சுழியா டிசைன், சூப்பரா கீதுண்ணா வாங்கிடவான்னு. சரிப்பா, அலகு இன்னா கிரைண்டுன்னு கேட்டா முழிக்கறாங்க. நானும் அப்படி இருந்தவன்தான், அதனால திட்ட எனக்கு யோக்யதை கிடையாது.

என் முதல் காஸ்ட்லி கத்திக்கு ரெண்டு வருஷம் காசு சேத்தேன். பிடிய கண்ணுல ஒத்திக்கலாம், அவ்ளோ அழகு. அலகு மட்டும் 4 மில்லிமீட்டர் தடிமன், மேல்பாதிய அப்படியே தட்டையா விட்டுட்டு கீழ்ப்பாதியில மட்டும் சரிவு எடுத்திருந்தான். வீட்டுக்கு வந்த அன்னிக்கே அம்மா சாம்பாருக்கு எடுத்து வச்ச கேரட்ட வெட்டிக் காட்டறேன் பேர்வழின்னு வச்சு அழுத்தினா, அது வெட்டுப்படல, டப்புனு பொளந்து ஒரு துண்டு பறந்து போய் ஃபிரிட்ஜுக்கு அடியில விழுந்துச்சு. அம்மா திரும்பிப் பாத்துட்டு "இதுக்கு நம்ம அருவாமனையே தேவலாம்டா"ன்னு சொல்லிட்டு அவங்க வேலையப் பாத்தாங்க. முனை, அதாவது வெட்டற ஓரம், நல்லாத்தான் தீட்டியிருந்துச்சு, முடி கூட வழிக்கும், பிரச்சினை முனைக்கு மேல இருந்த தடிமன்ல.

கிரைண்டுன்னா மாவரைக்கறது இல்லீங்க, அலகோட முதுகுல இருந்து முனைக்கு எந்த வடிவத்துல இரும்ப கழிச்சிக்கினு வந்திருக்காங்கன்றதுதான். இத கத்துக்க வெளிநாட்டு வீடியோ பாக்கவே வேணாம், வேலூர்ல ஒரு ரவுண்டு வந்தா எல்லாமே கண்ணுல படும். பழைய சலூன்ல தோல் பட்டையில தீட்டி சவரம் பண்ணுவாங்களே அந்தக் கத்தி ஹாலோ கிரைண்ட், பக்கவாட்டுல உள்வாங்கி குழிஞ்சிருக்கும், வட்டக்கல்லுல வச்சு இழைக்கறதால வர குழி அது. அடுப்படி கத்தி பெரும்பாலும் ஃபுல் ஃப்ளாட், முதுகுல இருந்து முனை வரைக்கும் நேர் சரிவு. ரோட்டோரம் இளநீ சீவறவர் கையில இருக்கற கத்தி கான்வெக்ஸ், லேசா வயிறு வச்ச மாதிரி வெளிய உப்பி இருக்கும். ஆசாரியோட உளியும் தோல் வேலையில ஓரம் சீவறாங்களே அந்த ஸ்கைவிங் கத்தியும் சிசல் கிரைண்ட், ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு. மேல்பாதி தட்டை, கீழ்ப்பாதி மட்டும் சரிவுன்னு என்னை கேரட்டுல அசிங்கப்படுத்தினது சேபர்.

கத்தி கையில கிடைச்சா செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு ஸ்டீல் ஸ்கேல எடுத்து அதோட ஓரத்த அலகோட பக்கவாட்டுல முதுகுல இருந்து முனைப் பக்கமா குறுக்கால வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க. ஸ்கேலுக்கு கீழ நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா ஹாலோ, ஒட்டி உக்காந்தா ஃப்ளாட், ஸ்கேல் இப்படி அப்படி ஆடினா கான்வெக்ஸ். முடிஞ்சா தடிமன் அளக்கற ஒரு வெர்னியரும் வச்சுக்கோங்க, லேத் பட்டறையில யாராவது தெரிஞ்சவங்க இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. தீட்டின சரிவு எங்க ஆரம்பிக்குதோ அதுக்கு நேர் மேல அலகோட தடிமன அளந்து பாருங்க. 0.3ல இருந்து 0.5 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா வெண்ணெய், 0.8 தாண்டிச்சுன்னா பேரு இன்னாவா இருந்தாலும் அது ஆப்புதான், வெட்டாது பொளக்கும். கிரைண்டோட பேர விட எனக்கு இந்த அளவுதான் முக்கியம், ஆனா விக்கறவங்க நிறைய பேரு இத போடறதே இல்ல, கேட்டு வாங்கணும்.

ஹாலோல ஒரு சங்கதி இருக்கு. முனைகிட்ட ரொம்ப மெல்லிசு, அதனால தோல், கயிறு, பார்சல் டேப்பு, பழத்தோலு எல்லாம் சர்ருனு போகும். ஆனா அட்டைப்பெட்டிய ஆழமா அறுக்கும்போது குழி முடியற தோள்பட்டை போய் சிக்கிக்கும். தீட்டித் தீட்டி தேயத் தேய முதல்ல ரொம்ப நாளைக்கு மெல்லிசாவே இருக்கும், அப்பறம் குழி தாண்டினதும் சடார்னு தடிச்சிடும். உயர்ரக மடக்குக் கத்தின்னா எல்லாரும் பேர் சொல்ற செபென்சா ஹாலோ கிரைண்டுதான், தென்னாப்பிரிக்காவுல இருந்து அமெரிக்காவுக்குப் போன கிறிஸ் ரீவ் பண்ணது, செபென்சான்னா ஜூலு பாஷையில வேலைன்னு அர்த்தம். ஸ்பைடர்கோ கம்பெனியோட பாராமிலிட்டரி 2ன்ற கத்தி ஃபுல் ஃப்ளாட், காய் பழம் அட்டை எல்லாத்துக்கும் பொதுவா ஓடும். ஒரே ஒரு கத்திதான் வாங்கப் போறேன்றவங்களுக்கு கண்ண மூடிக்கினு ஃபுல் ஃப்ளாட்தான் சொல்வேன். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய அதால நாலா கீறி எண்ணெய் கத்திரிக்கா பண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. சேபர், நெம்பற ஆளுங்களுக்கு. கத்தியால நெம்பாதீங்கன்னு சொன்னா மட்டும் கேக்கவா போறீங்க.

ஹாலோ வச்சிருக்கறவங்க ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. தெருவுல சைக்கிள்ல வர சாணைக்காரர்கிட்ட நான் ஒரு தடவை கொடுத்தேன், அவர் மேல தப்பில்ல, அருவாமனைக்கு பண்ற மாதிரியே நல்லா அழுத்தி தீப்பொறி பறக்க பிடிச்சுக் கொடுத்தார். மெல்லிசு முனையாச்சே, சூடு அங்கயே தங்கி பதம் போயிடுச்சு, அதுக்கப்பறம் ரெண்டு அட்டைப்பெட்டி அறுத்தா மொக்கை. தண்ணி விட்டு கல்லுல கையாலதான் தீட்டணும், பக்கத்துக்கு 15ல இருந்து 20 டிகிரி, மறுபக்கம் பிசிறு விரல்ல தட்டுப்படற வரைக்கும், அப்பறம் திருப்பிப் போட்டு அதே மாதிரி, கடைசியா பழைய தோல் பெல்ட்டுல நாலு இழுப்பு.

இப்ப பிடிக்கு வருவோம். நம்ம ஊரு மே மாசத்த மனசுல வச்சிக்கினு யோசிங்க, 40 டிகிரி தாண்டின வெயில்ல உள்ளங்கை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். கடை ஏசியில புடிச்சுப் பாத்தா எல்லா பிடியும் நல்லாத்தான் இருக்கும். அதனால கைய தண்ணியில நனைச்சிட்டு, அப்பறம் ரெண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கினு, கத்திய மூடி வச்சே புடிச்சுத் திருகிப் பாருங்க. வழுக்குற பிடி அப்பவே தெரிஞ்சிடும்.

டைட்டானியம் இரும்புல பாதிக்கு கொஞ்சம் மேல எடை, வேர்வைக்கு துரு புடிக்கவே புடிக்காது. ஃப்ரேம் லாக் கத்தியில, திறந்த அலகு தானா மூடிக்காம இருக்க, பிடியே வளைஞ்சு வந்து அலகுக்கு அடியில தாங்கி நிக்கும், அதுக்கு இது மாதிரி ஸ்பிரிங்கு குணம் உள்ள உலோகம் வேணும். டைட்டானியம் ஸ்டீல விட சாஃப்ட், உரசற இடத்துல ஒட்டிக்கும், அதனால லாக்கு நுனியில ஒரு சின்ன ஸ்டீல் துண்டு வச்சிருக்கானான்னு பாத்து வாங்குங்க. அந்த நீலம் ஊதா எல்லாம் பெயிண்டு இல்ல, கரண்டு கொடுத்து மேல ஆக்சைடு படலம் வளக்கறாங்க, படலத்தோட தடிமனுக்கு ஏத்த மாதிரி ஒளி பிரிஞ்சு கலர் தெரியுது, 27 வோல்ட்டு வாக்குல விட்டா நீலம். விரல் எண்ணெய் பட்டாலே கலர் மங்கலா தெரியும், கண்ணாடி தொடைக்கற லிக்விட் போட்டா திரும்ப வந்துடும், கீறல் விழுந்தா வராது. சொரசொரப்பு இல்லாத டைட்டானியம் வேர்வைக் கைக்கு வழுக்கும்ன்றது என் அனுபவம்.

ஜி10ன்றது கண்ணாடி இழைத் துணிய எபாக்ஸி பசையில ஊற வச்சு அழுத்தினது. தண்ணிக்கும் வெயிலுக்கும் அசையாது, பிடிப்பு சூப்பர், ஆனா பாக்கெட்டுல மாட்டற கிளிப்புக்கு அடியில இருக்கற சொரசொரப்பு பேண்ட் பாக்கெட்ட அரம் மாதிரி தின்னுடும். அந்த ஒரு இடத்துல மட்டும் நான் தண்ணி விட்டு எமரி பேப்பர் போட்டுட்டேன், காஞ்ச தூசி மூக்குல போகக்கூடாது, மாஸ்க் போட்டுக்கோங்க. கார்பன் ஃபைபருக்கும் அதே எச்சரிக்கைதான். அது எடை குறைவு, பாக்க கெத்து, பாலிஷ் பண்ணி விட்டா சோப்பு மாதிரி. ஃபைபர் கலந்த நைலான மட்டமா நினைக்காதீங்க, அந்த பிடி போட்ட பெஞ்ச்மேட் பக்அவுட் கத்தியோட மொத்த எடையே 52 கிராம்தான், லுங்கி மடிப்புல செருகினா கூட தெரியாது.

என் ஓட்டு மைக்கார்ட்டாவுக்கு. துணியோ பேப்பரோ அடுக்கி பினாலிக் ரெசின்ல இறுக்கினது, நூறு வருஷத்துக்கு முன்னாடி வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி கரண்டு சாமானுக்காக கொண்டாந்தது. கேன்வாஸ் மைக்கார்ட்டா கை ஈரமானா இன்னும் நல்லா புடிக்கும், அதான் விசேஷம். வேர்வை எண்ணெய் எல்லாம் குடிச்சு ஆறு மாசத்துல கலர் கறுத்துடும், அழுக்குன்னு சில பேருக்கு புடிக்காது, எனக்கு அது புடிச்சிருக்கு.

மரத்துல போணும்னா ரெசின் ஏத்தின மரமா பாருங்க, இல்லன்னா மழைக்கு உப்பும் வெயிலுக்கு சுருங்கும். ஜவ்வாது மலை பக்கம் சந்தனக்கட்டை, செம்மரக்கட்டை கிடைக்கும் பிடி போட்டுக்கலாம்னு எவனாவது சொன்னா காதுலயே வாங்காதீங்க, ஃபாரஸ்ட்காரங்ககிட்ட மாட்டினா கத்தி விலைய விட வக்கீல் ஃபீஸ் அதிகமாயிடும். யானைத் தந்தம், மான் கொம்பு பிடிக்கும் இதேதான், வாங்கறதும் விக்கறதும் குத்தம்.

சட்டத்தப் பத்தி நிறைய பேரு கேக்கறீங்க. ஆயுத விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கற அலகப் பத்திதான் பேச்சு, வீட்டு வேலை விவசாய வேலை கத்திக்கு விலக்கும் இருக்கு. நம்ம 3 அங்குல மடக்குக் கத்தி அதுக்குள்ள வராது. அதுக்காக கோயில் திருவிழாவுல இடுப்புல சொருகிக்கினு திரியாதீங்க, ஃபிளைட்ல போனா செக்-இன் லக்கேஜ்லதான் போடணும்.

வாங்கின பெறகு ஒண்ணு. ஆம்பூர் பக்கம் நல்ல தோல்ல அளவெடுத்து உறை தைச்சுத் தருவாங்க, நானும் ஒண்ணு தைச்சேன், ஜோரா இருக்கு. ஆனா கத்திய அதுக்குள்ள போட்டு மாசக்கணக்குல பீரோல வச்சிடாதீங்க. தோல் பதப்படுத்தற ஷாப்புல வேலை பாத்த எங்க மாமாகிட்ட காட்டினப்ப உறைய மோந்து பாத்துட்டு "தோலு ஈரத்த உள்ளயே வச்சிருக்கும்டா மாப்ள, பதம் போட்ட மருந்தும் அதுல கீது, இரும்ப உள்ள போட்டா சும்மா வுடுமா"ன்னார். போய் எடுத்துப் பாத்தேன், அலகு ஓரத்துல மிளகு தூவின மாதிரி புள்ளி புள்ளியா துரு. இப்ப உறை தனியா தொங்குது, கத்தி ஒரு சொட்டு மெஷின் எண்ணெயோட பருத்தித் துணியில சுத்தி இருக்கு.