குட்டிக்கு முடியவில்லை என்று குதிரைக்காரர் போன் செய்தால்

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்து குதிரைகள் வண்டியேறிய கொஞ்ச நாளிலேயே இந்த மாதிரி போன்கள் வர ஆரம்பிக்கும். ஆசைப்பட்டு வாங்கி வந்த மார்வாரி இனமோ கத்தியவாரி இனமோ, ஒன்று ஒன்றரை வயதுக் குட்டி, நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்தது, இன்று காலையிலிருந்து தீவனத்தைத் தொடவில்லை என்பார்கள். வண்டிப் பயணம், புது இடத்துத் தண்ணீர், திடீரென்று மாறிய தீவனம், சந்தையில் பக்கத்துக் குதிரைகளோடு மூக்கு உரசியது எல்லாமாகச் சேர்ந்து குட்டியைப் படுக்க வைக்கும். சந்தைக்கே போகாமல் வீட்டில் பிறந்த குட்டிக்கும் இப்படி ஆகலாம்.

இதை டாக்டருக்காகவோ குதிரைக்காரருக்காகவோ எழுதவில்லை. கூடப்போய் நிற்கிற நண்பர், மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர், இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வைத்தியம் பார்ப்பது நம் வேலை இல்லை. பயத்தில் குதிரைக்காரர் எதையாவது செய்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், அவர் மறந்துபோவதை நாம் ஞாபகம் வைத்துக்கொள்வதும்தான் நம் வேலை.

போன் வந்ததும் "பயப்படாதீங்க அண்ணா, ஒண்ணும் ஆகாது" என்று தொடங்க வேண்டாம், அது உங்களுக்கே தெரியாத விஷயம். டாக்டருக்குச் சொல்லியாச்சா, குட்டி நிக்குதா படுத்திருக்கா, கடைசியா எப்போ லத்தி போட்டது, நீங்க இதுவரைக்கும் ஏதாவது குடுத்தீங்களா, இந்த நாலையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் முதல் தடவையிலேயே வராது, நேரில் போனதும் இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

டாக்டரைப் பிடிக்கிற பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் கயிறும் இன்னொரு கையில் போனுமாக குதிரைக்காரரால் எதையும் தெளிவாகச் சொல்ல முடியாது. நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர்கள், குதிரையை அடிக்கடி பார்க்கிறவர்கள் குறைவு. அதனால் முதல் போனிலேயே "குதிரை, வயிற்று வலி மாதிரி இருக்கு, மூக்கு வழியா டியூப் போட வேண்டி வரலாம், உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டுவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம். யாரும் கிடைக்காவிட்டால் கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்கு அடித்துக் கேட்கலாம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பக்கத்தில் எது என்பதையும் இரவில் அங்கே யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் குட்டி நன்றாக இருக்கிற நாளிலேயே கேட்டு எழுதி வைப்பது நல்லது.

போய்ச் சேர்ந்ததும் குட்டியிடம் ஓடாமல் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். முன்னங்காலால் தரையைக் கீறுகிறதா, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கிறதா, மேலுதட்டைச் சுருட்டுகிறதா, மூத்திரம் போகிற மாதிரி உடம்பை நீட்டிக்கொண்டு போகாமல் நிற்கிறதா, படுத்து எழுந்து புரள்கிறதா? இவையெல்லாம் வயிற்று வலியின் அடையாளம், குதிரைக்காரர்களே இப்போது கோலிக் என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு வயிறு சரியில்லை என்றால் வாந்தி எடுத்துத் தப்பித்துக்கொள்வோம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே அடைத்துக்கொண்டால் வயிறு உப்பி வெடிக்கிற அளவுக்கும் போகும், டாக்டர் டியூப் போட்டு வடிப்பது அதனால்தான். நிறைய வேர்த்துக்கொட்டி, விடாமல் புரண்டால் காத்திருக்கவே கூடாது. இன்னொன்று, கடுமையாகப் புரண்டுகொண்டிருந்த குட்டி திடீரென்று அமைதியாகி, ஈறு கறுத்து, காது சில்லென்று நின்றால் குணமாகிவிட்டது என்று யாராவது சந்தோஷப்படுவார்கள். பெரும்பாலும் அது குடல் செத்துப்போனதற்கான அறிகுறி.

டாக்டர் வரும்வரை நீங்கள் எடுத்து வைக்கிற கணக்குதான் அவருக்குப் பெரிய உதவி. முதலில் ஈறு. உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால், அல்லது ஈறு செங்கல் நிறத்திலோ ஊதாவாகவோ பற்களை ஒட்டி ஒரு கருஞ்சிவப்புக் கோடாகவோ தெரிந்தால் உடனே டாக்டருக்குத் திரும்ப போன் போடுங்கள். அப்புறம் காது. விலா எலும்பு முடிகிற இடத்துக்குப் பின்னால், பக்கவயிற்றில், உங்கள் காதையே வைத்து ஒரு நிமிடம் கேளுங்கள். நல்ல குதிரையின் வயிற்றில் கடமுடவென்று தண்ணீர் உருளுகிற மாதிரி சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் சத்தமே இல்லையென்றால் அதை நேரத்தோடு எழுதுங்கள். தோளை ஒட்டி நின்றே கேளுங்கள், பின்னங்கால் பக்கம் போக வேண்டாம், வலியில் இருக்கிற குட்டிக்கு எசமானும் தெரியாது, நீங்களும் தெரியாது.

நாடியை இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்தோ, தாடைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைத்தோ 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கலாம். வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, ஒரு வயதுக் குட்டிக்கு அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். வலியோடு நிற்கிற குட்டிக்கு 60-ஐத் தாண்டி, இறங்காமல் அப்படியே நின்றால் விஷயம் பெரிது. (பிறந்து சில நாளே ஆன குட்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அதற்கு 80, 100 எல்லாம் சாதாரணம். அந்தப் பச்சைக் குட்டி பால் குடிக்கவில்லை என்றாலே அவசரம்தான், கணக்கெடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை.) ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 99.5 முதல் 101.5 ஃபாரன்ஹீட் வரை சரி, 102-க்கு மேலே காய்ச்சல். தெர்மாமீட்டரில் ஒரு நூலைக் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே போய்விட்டால் அதை எடுப்பது தனிக் கதை. புரள்வதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து அனுப்பினால் பத்து நிமிடம் பேசிப் புரிய வைப்பதை டாக்டர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்.

இனி தடுக்க வேண்டியவை, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதும் இதைத்தான். யாராவது ஒரு பெரியவர் மூங்கில் குழாயோடும் நல்லெண்ணெயோடும் வந்து நிற்பார். மாட்டுக்கு ஊற்றிப் பழகிய கை, மனசும் நல்ல மனசுதான். ஆனால் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விட்டால், வயிற்று வலியில் பிழைத்த குட்டி நிமோனியாவில் போய்விடும். "டாக்டர் வர்ற வரைக்கும் வாய்ல எதுவும் ஊத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாருங்க ஐயா" என்று டாக்டர் மேலேயே பழியைப் போட்டுவிடுங்கள், குதிரைக்காரரால் அந்தப் பெரியவரை எதிர்த்துப் பேச முடியாது, உங்களால் முடியும்.

மெடிக்கலில் வலி ஊசி வாங்கி நாமே போட்டுவிடலாம் என்ற யோசனையும் வரும். ஊசி வலியை மறைத்துவிடும், உள்ளே குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அது மறைந்தே நடக்கும், ஆபரேஷன் செய்ய வாய்ப்பிருந்த நேரம் அப்படியே போய்விடும். கழுத்தில் தெரியாத கை போட்டு தப்பான ரத்தக்குழாயில் மருந்து ஏறினால் குதிரை அங்கேயே சாய்ந்துவிடும். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் திட்ட வேண்டாம், மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், டப்பாவைத் தூக்கி எறியாமல் வையுங்கள்.

தீவனத்தை எல்லாம் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள், கொள்ளும் வேண்டாம், தவிடும் வேண்டாம். தண்ணீரை டாக்டர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். நடக்க வைப்பது பற்றி ஆளுக்கொரு கட்சி. மெதுவாகப் பத்து நிமிடம் நடத்தினால் சில குட்டிகளுக்கு வாயு கலைந்து தேவலாம் போல ஆகும், சரி. ராத்திரி முழுக்க விரட்டி நடக்க வைத்து அதன் தெம்பை எல்லாம் கறப்பது தப்பு. சும்மா படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். முரட்டுத்தனமாகப் புரண்டு சுவரில் மோதுகிற நிலையில் இருந்தால் கொட்டகையை விட்டு மணலோ புல்லோ உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள், புரளுகிற குட்டியைப் பிடித்து நிறுத்த ஆள் அடிபடுவது வேண்டாம்.

செய்தி பரவினால் கூட்டம் வரும், வாட்ஸாப் குரூப்பில் ராஜஸ்தானில் இருந்தும் வைத்தியம் வரும். போனை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு வேலை கொடுங்கள், ஒருவர் வெந்நீர் வைக்கட்டும், ஒருவர் ரோட்டில் நின்று டாக்டர் வண்டிக்கு வழி காட்டட்டும். கண் பட்டுவிட்டது என்று வீட்டு அம்மா எலுமிச்சை சுற்றிப் போட வந்தால் விடுங்கள், அவருக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம், வைக்கோல் கிடக்கிற கொட்டகையில் நெருப்பும் வேண்டாம், மூச்சிரைக்கிற குட்டிக்குப் புகையும் வேண்டாம்.

டாக்டர் வந்ததும் அவர் கேட்காமலேயே ஒன்றைச் சொல்ல வேண்டும்: கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள். இது குட்டிகளுக்கே உரிய வம்பு. நாலைந்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை குடலில் ஒரு அடி நீளத்துக்குக்கூட உருண்டைப்புழு வளரும், நிறைய இருக்கிற குட்டிக்கு மருந்து கொடுத்ததும் எல்லாம் ஒரேயடியாகச் செத்து, சிறுகுடலில் கயிற்றுக் கட்டு போல அடைத்துக்கொள்ளும். மருந்து கொடுத்து ஓரிரு நாளில் வலி வந்தால் முதல் சந்தேகம் அதுதான். நல்லது செய்யப்போய் இப்படி ஆயிற்றே என்று குதிரைக்காரர் உடைந்துபோகிற இடமும் இதுதான். பூச்சி மருந்து கொடுக்காமல் விட்டாலும் இதே புழு அடைக்கும் என்பது உண்மை, அதை அவருக்குச் சொல்லுங்கள். அடுத்த குட்டிக்கு எந்த மருந்து, எந்த வயதில் என்பதை டாக்டரைக் கேட்டுச் செய்யலாம், அந்தப் பேச்சு இன்றைக்கு வேண்டாம்.

எல்லாம் வயிற்று வலியாக இருக்காது. காய்ச்சலோடு மூக்கில் சளியும் தாடைக்கு அடியில் கட்டியும் வந்தால் ஸ்ட்ராங்கில்ஸ் என்ற தொற்று நோயாக இருக்கலாம், வாளி, கயிறு, கைகள் வழியே மற்ற குதிரைகளுக்குப் போகும், உங்கள் வீட்டில் குதிரை இருந்தால் குளித்து உடை மாற்றாமல் அதன் பக்கம் போகக் கூடாது. ஒட்டும் சளியோடு தோலில் புண் முடிச்சுகள் இருந்தால் கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்று நோயின் பயம் உண்டு, அது மனிதருக்கும் தொற்றும். ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் அதற்குப் பரிசோதனை செய்கிறார்கள். 2009-ஆம் வருடக் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய், உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள், அதனால் மறைக்கத் தோன்றும். மறைக்க விடாதீர்கள், அந்த வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள். விழுங்க முடியாமல் எச்சில் வழிய நின்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவார்கள், வெறிநாயிடம் கடிபட்ட குதிரையும் அப்படித்தான் நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு டாக்டர் பார்க்கட்டும்.

நாமக்கல், பல்லடம் பக்கத்துக்காரர்கள் தீவன மூட்டையையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கோழித் தீவனத்தில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து கோழிக்கு ஒன்றும் செய்யாது, கொஞ்சம் போனாலும் குதிரையின் இதயத்தைக் கெடுத்துவிடும். வேலியில் அரளி இருக்கிறதா, வெட்டிப்போட்ட கிளையைக் குட்டி கடித்ததா என்றும் பாருங்கள், காய்ந்த அரளி இலையிலும் விஷம் அப்படியேதான் இருக்கும்.

கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னால் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, தளத்தில் வழுக்காமல் மணலோ வைக்கோலோ போட்டு, குட்டிக்குப் பழக்கமான ஒருவரை மட்டும் கூட நிறுத்தி, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் குதிரைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு எவ்வளவு வரைக்கும் செலவு தாங்கும், ஆபரேஷன் என்றால் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். அசிங்கமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் நடுராத்திரி மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அந்த முடிவை எடுப்பதைவிட வீட்டு வாசலில் எடுப்பது எவ்வளவோ மேல். முடிவு என்னவாக இருந்தாலும் அவருடையது. கடன் வாங்கியாவது பாருங்கள் என்றும், போகட்டும் விடுங்கள் என்றும் நாம் சொல்லக் கூடாது.

தேறிவிட்டால் சந்தோஷத்தில் ஒரு கூடை புல்லை அள்ளிப் போடுவார், கையைப் பிடியுங்கள். டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு பிடி பச்சைப் புல், அது இறங்கி லத்தி வந்த பிறகு இன்னொரு பிடி, கொள்ளு அப்புறம் சில நாள் கழித்து. இரண்டு மூன்று ராத்திரி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், முதல் முறையை நீங்கள் எடுத்துக்கொண்டு அவரைச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிற மாதிரி இருந்து நடக்கத் தயங்கினால் மறுபடி டாக்டர்.

தேறாது, வலியிலிருந்து விடுவித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால் அந்த நேரம் குட்டியோடு குதிரைக்காரர் நிற்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவரிடமே கேளுங்கள். கயிறு யார் கையில் இருக்க வேண்டும் என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். "முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்", "வேற குட்டி வாங்கிக்கலாம்", இந்த இரண்டையும் வாயிலிருந்து வர விடாதீர்கள். காப்பீடு எடுத்திருந்தால் புதைக்கும் முன்பே அவர்களுக்குத் தகவல், போட்டோ, போஸ்ட்மார்ட்டம் சான்று எல்லாம் வேண்டும், அந்தப் பேப்பர் வேலையை நீங்களே பாருங்கள். ஜேசிபி சொல்லி ஆழமாகக் குழி எடுத்து சுண்ணாம்பு போட்டு மூடுங்கள், ஊசி போட்டுப் போன உடலை நாயோ காக்காவோ தின்றால் அவையும் சாகும். மறுநாள் காலையில் கொட்டகையில் மிச்சம் இருக்கிற குதிரைகளுக்குக் காய்ச்சல் பாருங்கள், தொற்று நோய் என்று டாக்டர் சந்தேகப்பட்டிருந்தால் மூன்று வாரம் வரை தினமும் பார்க்க வேண்டும். குதிரைக்காரருக்கு அந்தக் கொட்டகைக்குள் போக மனசு வராது, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.