கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது

எலும்புப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். வாந்தி நின்று, முகம் தெளிந்து, ‘பிள்ளை தேறிவிட்டது’ என்று வீடு மூச்சுவிடுகிற நாள்களும் அவைதான். டிஸ்சார்ஜ் அன்றே காலண்டரில் அந்த நாள்களை வட்டமிட்டு வையுங்கள்.

நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துக் காலையும் மாலையும் பாருங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே வார்டுக்குப் போன் செய்யுங்கள். கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் சூடு தணியும், தொற்று தணியாது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளி உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் இருப்பவர்கள் விடிந்து முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ‘கீமோ எடுக்கிற பிள்ளை’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் எதைக் காட்டினாலும் கிளம்ப வேண்டியதுதான்.

அடுத்தது வாய்ப்புண். மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்துகள் இரண்டுமே வாயைப் புண்ணாக்கும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி. அதில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்பட்டும். கொப்பளிக்கத் தெரியாத குழந்தைக்குச் சுத்தமான மெல்லிய துணியை அதில் நனைத்து, விரலில் சுற்றி மெதுவாக ஒற்றி எடுங்கள். தினம் ஒரு தடவை கீழுதட்டை மடித்து டார்ச் அடித்துப் பாருங்கள். தயிர் அப்பியதுபோல் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். எச்சிலை விழுங்காமல் தலையணையில் வழியவிட்டால் வலி முற்றிவிட்டது. புளி, காரம், முறுக்கு வேண்டாம். ஆறின ராகிக்கூழ், குழைய வடித்த சோறு இறங்கும். தண்ணீரே இறங்காமல் 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதீர்கள். சீட்டில் எழுதிய நேரத்துக்குக் கொடுங்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியிருந்தால் குமட்டல் சில நாள் தள்ளியும் வரும்.

கால் வலிக்கிறது என்று மருந்துக்கடையில் இப்யூபுரூஃபன் வாங்குவதுதான் பெரிய ஆபத்து. மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அந்த மாத்திரை வழியை அடைத்தால் மருந்து உடம்பிலேயே தங்கி நஞ்சாகிவிடும். மெத்தோட்ரெக்ஸேட்டின் நஞ்சை முறிக்கிற லூக்கோவொரின் மருந்தை எழுதியிருந்தால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

டாக்ஸோரூபிசினுக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம். அதற்கு மேலும் சிவந்தாலோ, போகும்போது எரிந்தாலோ சொல்லுங்கள். முதல் 48 மணி நேரம் சிறுநீர், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

சித்திரை வெயிலில் தெருவில் யாருக்காவது அம்மை போட்டிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளை ஒரே அறையில் இருந்திருந்தால், கொப்புளம் வருகிறதா என்று பார்த்திருக்காமல் அன்றைக்கே வார்டில் சொல்லிவிடுங்கள். அம்மை வெளியே தெரியும் முன்பே தடுப்பு மருந்து கொடுத்தாக வேண்டும்.