முதல் பாட்டைத் தப்பாகக் கொடுக்காதீர்கள்

போன வாரம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஒரு தம்பி, நண்பன் காதில் இயர்ஃபோனைச் செருகி, "கேளுடா, இதுதான் மெட்டல்" என்றான். கனத்த கிட்டார், அதிரும் டிரம்ஸ், ஹெவி மெட்டல் ராக் இசையைத்தான் சொன்னான். பத்து வினாடிகூட ஆகவில்லை, நண்பன் கழற்றிக் கொடுத்துவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் இதையே செய்தவன். புதியவருக்கு மெட்டலைக் காட்டும்போது நாம் செய்யும் தப்புகள் இவை.

நமக்குப் பிடித்ததையே முதலில் கொடுப்பது

உறுமி மேளம் வாசிக்கும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. ஒரு நாள் ராத்திரி, பயிற்சி முடிந்து புளோக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். பாரடைஸ் லாஸ்ட் குழு 1991இல் வெளியிட்ட 'கோதிக்' ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். சோகமும் இருளும் கலந்த கோதிக் மெட்டலுக்கே பெயர் தந்தது என்று பலரும் சொல்லும் ஆல்பம், எனக்கு உயிர். "ஏண்ணே இவர் இப்படிக் கத்துறாரு?" என்றான். அதோடு சரி. ஏழு வருஷம் மெட்டல் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அவன் மடியில் இருந்த உறுமியை நான் கவனிக்கவே இல்லையே! தாளத்திலேயே கிடப்பவனுக்கு ஃபின்ட்ரோல் கொடுத்திருக்கலாம். ஃபின்லாந்தின் ஹும்ப்பா ஆட்டத் தாளத்தை மெட்டலுக்குள் கொண்டுவந்த குழு அது. இல்லையென்றால் மங்கோலியாவின் தி ஹூ. குதிரைத் தலை செதுக்கிய, இரண்டே தந்தி உள்ள மோரின் ஹூர், அதோடு அடித்தொண்டைப் பாட்டு. கடைசியில் அவனை இழுத்ததும் தி ஹூதான். என் போனில் தற்செயலாக ஓடியதைக் கேட்டவன், வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்பதுபோல விரலால் மேசையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

வயலின் படித்தவரா? மெட்டலில் வயலினையும் சேர்த்த மை டையிங் பிரைட் குழுவில் தொடங்குங்கள். மென்மையான குரலுக்கு மயங்குபவரா? தியேட்டர் ஆஃப் டிராஜெடி குழுவின் ஆரம்ப ஆல்பங்களில் உறுமலுக்குப் பக்கத்திலேயே லிவ் கிறிஸ்டின் பாடியிருக்கிறார்.

ஐம்பது பாட்டு லிஸ்ட்

வேண்டாம். ஒன்று போதும்.

யார் என்று பார்க்காமல் பகிர்வது

மண், முன்னோர், பழைய தெய்வங்கள் என்று பாடும் குழுக்களுக்கு நடுவே இனவெறி பேசும் சிலவும் உண்டு. ஐந்து நிமிடம் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ருத்ராவை விட்டுவிடுவது

ஐரோப்பா முழுக்கத் தேடுகிறோம். 1992இல் சிங்கப்பூரிலேயே தொடங்கிய ருத்ரா, உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டலில் சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் பாடுகிறது. நாட்டுப்புற இசை கலந்த ஃபோக் மெட்டல் என்று கறாராகச் சொல்ல முடியாது. ஆனாலும் கேளுங்கள். உறுமல் குரலுக்கு இப்போது என் நண்பனின் காது பழகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அதைத்தான் போடப் போகிறேன்.