அறுந்த ட்ராப் ஃபைபரை ஒட்டும் முறை

வெளி லைனிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைய ஒளியிழைக் கேபிள்தான் ட்ராப் ஃபைபர். வீட்டு இணையப் பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் இழப்பைக் காட்டும்) விளக்கு சிவப்பாக மினுக்கினால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஒளியின் வலிமையைக் காட்டும் பவர் மீட்டரை 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்து அளந்து பாருங்கள். மைனஸ் 18 முதல் மைனஸ் 24 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு) வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-க்குக் கீழே போனால் லைன் நிற்காது. ஒன்றுமே காட்டாவிட்டால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. உயரமான லாரி இழுத்திருக்கும், இல்லை அணில் கடித்திருக்கும். ஃபைபர் முனையை மட்டும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

அறுந்த இடம் கிடைத்ததும் முதல் வேலை, ஒரு பக்கத்தில் ஸ்லீவைக் (ஜாயின்டைக் காக்கும், சூட்டில் சுருங்கும் குழாய்) கோப்பது. பழகிய கைகூட மறப்பது இதைத்தான். ஒட்டிய பிறகு ஞாபகம் வந்தால், வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வெளியுறையை நீக்கி, 250 மைக்ரான் பூச்சை ஸ்ட்ரிப்பரால் 3, 4 செ.மீ. உரித்தால் 125 மைக்ரான் கண்ணாடி இழை மிஞ்சும். பஞ்சு உதிராத தாளை 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, 'கீச்' என்று சத்தம் வரும்வரை துடையுங்கள். அதன்பிறகே கிளீவரில் (இழையை நேராக வெட்டும் கருவி) வெட்ட வேண்டும். வெட்டிய முனையைத் துடைக்கவோ எங்கும் படவிடவோ கூடாது. இரு பக்க முனைகளையும் இப்படித் தயார் செய்து, உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசர் மெஷினில் வைக்க வேண்டும். ஒளி போகும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். அங்கே ஒரு தூசி ஒட்டினால் போதும், உருகும்போது ஜாயின்டில் குமிழி விழுந்துவிடும். மெஷினில் ஜாயின்ட் கெட்டால் பெரும்பாலும் குற்றம் மெஷின்மேல் இல்லை, இந்த வெட்டின்மேல்தான்.

வெட்டுக்கோணம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். மெஷின் 0.05 டிபிக்குள் லாஸ் (ஒளி இழப்பு) காட்டினால் நல்ல ஜாயின்ட்; 0.1-ஐத் தாண்டினால் திரும்பப் போடுங்கள். ஸ்லீவின் நடுவில் ஜாயின்ட் வரும்படி நகர்த்தி ஹீட்டரில் வையுங்கள். சூடு ஆறும் முன் ட்ரேயில் அழுத்தினால் ஸ்லீவ் வளையும், உள்ளே இழையும் வளையும்.

மிச்ச ஃபைபரைச் சுருட்டும்போது வட்டத்தின் ஆரம் 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அவசரத்தில் பச்சைக் கனெக்டரை நீல அடாப்டரில் செருகிவிடுவதும் உண்டு. இரண்டின் முனைக்கோணமும் வேறு என்பதால் முகங்கள் சரியாகப் பொருந்தாது; பவர் சில டிபி சரியும். இதையெல்லாம் பார்த்துவிட்டு மீட்டரில் மறுபடி அளந்த பிறகே பெட்டியை மூடுங்கள். மெஷின் காட்டிய லாஸ் வெறும் கணிப்பு.

வெட்டிய துண்டுகளை டேப்பில் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தோலில் ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு.