ஓப்பன் டிடிடியில் மாட் சேர்ப்பது எப்படி: முதல் தண்டவாளம் போடும் முன்பே முடிக்க வேண்டிய வேலை

போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கணினி விளையாட்டான ஓப்பன் டிடிடியில், ஆட்டத்தில் புதியவற்றைச் சேர்க்கும் மாட் கோப்புகளுக்கு நியூஜிஆர்எஃப் என்று பெயர். ரயில், லாரி, தொழிற்சாலை, கட்டடம், ஊர்ப்பெயர் எல்லாமே இந்த வடிவத்தில்தான் வரும். இறக்குவது சுலபம், அதில்தான் வினையே. புதிதாக வருபவர்கள் கண்ணில் பட்ட நாற்பது தொகுப்புகளை ஒரே மூச்சில் இறக்கி, அத்தனையையும் ஆட்டத்தில் ஏற்றிவிட்டு, பத்து ஆண்டு ஆடிய பிறகு ‘இது வேண்டாம், அதை மாற்றலாம்’ என்று கை வைப்பார்கள். அதோடு அந்த சேவ் கோப்பு கெட்டுவிடும். எந்தத் தொகுப்புகள், எந்த வரிசை, எந்த அமைப்பு என்பதை உலகத்தை உருவாக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இந்த விளையாட்டில் மாட் போடுவதன் முக்கால் பங்கு வேலை அதுதான்.

முதலில் அடிப்படை. 1994-இல் கிறிஸ் சாயர் உருவாக்கிய டிரான்ஸ்போர்ட் டைகூன், அடுத்த ஆண்டு வந்த அதன் டீலக்ஸ் பதிப்பு, இவற்றின் திறந்த மூல மறுவடிவம்தான் ஓப்பன் டிடிடி. லுட்விக் ஸ்ட்ரிகியஸ் தொடங்கி, 2004-இல் முதலில் வெளியிட்டது. 2010-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசல் சிடி தேவையில்லை. முதல் முறை திறக்கும்போது கிராஃபிக்ஸ் இல்லை என்று சொல்லி, ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் தொகுப்பைத் தானே இறக்கித் தரவா என்று கேட்கும். சரி என்று கொடுங்கள். ஒலிக்கு ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ், இசைக்கு ஓப்பன்எம்எஸ்எக்ஸ் என்ற இரண்டையும் பின்னர் தேடி இறக்கிக்கொள்ளலாம். கேம் ஆப்ஷன்ஸில் மொழியைத் தமிழுக்கு மாற்ற வழி உண்டு. ஆனால் நியூஜிஆர்எஃப்களில் வரும் வாகன, சரக்குப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிற்கும்.

இனி இறக்குவது. முகப்புத் திரையில் ஆன்லைன் கன்டென்ட் பட்டனை அழுத்தினால் பனானாஸ் எனப்படும் அதிகாரப்பூர்வக் களஞ்சியம் திறக்கும். பட்டியல் மிக நீளமானது, மேலே உள்ள தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டுவதே நல்லது. ஒரு தொகுப்புக்கு வேறொன்று தேவைப்பட்டால் அதுவும் தானாகவே தேர்வாகிவிடும். முதல் ஆட்டத்துக்கு நான்கே போதும்: தொழிற்சாலைகளுக்கு ஃபிர்ஸ், ரயில்களுக்கு அயர்ன் ஹார்ஸ், லாரி, பேருந்து, டிராமுக்கு ரோடு ஹாக், விமானத்துக்கு ஏவி8. முதல் மூன்றையும் செய்தவர் ஒருவரே. ஆகவே ஃபிர்ஸ் கொண்டுவரும் புதிய சரக்குகளை ஏற்றுவதற்கான பெட்டிகளும் லாரிகளும் மற்ற இரண்டிலும் இருக்கும்.

இந்தப் பொருத்தத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஃபிர்ஸை மட்டும் ஏற்றிவிட்டு அசல் ரயில்களோடு ஆடத் தொடங்கினால் சில சரக்குகளை ஏற்ற எந்தப் பெட்டியும் கிடைக்காது. சுரங்கத்தில் சரக்கு குவியும், வாங்கும் பட்டியலில் அதற்குரிய வாகனம் இருக்காது. பிழைச்செய்தி எதுவும் வராததால் எங்கே கோளாறு என்றே தெரியாது. அதேபோல இரண்டு தொழிற்சாலைத் தொகுப்புகளை ஒன்றாக ஏற்றக் கூடாது. ரயில் தொகுப்புகளைப் பொறுத்தவரை இரண்டு மூன்று சேர்ந்தாலும் ஆட்டம் ஓடும். ஆனால் எஞ்சின் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்டு, ஒரு பெட்டியைத் தேடவே பொறுமை போய்விடும்.

இறக்கியதாலேயே மாட் வேலை செய்யாது. நியூஜிஆர்எஃப் பட்டனை அழுத்தித் திறந்தால், செயலில் உள்ளவை ஒரு பட்டியலிலும் இறக்கிவைத்தவை இன்னொன்றிலும் தெரியும். தேவையானதைத் தேர்ந்து செயல் பட்டியலுக்கு நகர்த்துங்கள். பட்டியலில் பின்னால் வருவது முன்னால் இருப்பதன் மேல் எழுதும். அதனால் தொழிற்சாலைத் தொகுப்பை முதலிலும், வாகனங்களை அடுத்தும், சின்னச் சின்ன மாற்றங்களைக் கடைசியிலும் வையுங்கள். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து ரீட்மீ பட்டனைத் தட்டிப் பாருங்கள். எதற்குப் பின் எது வர வேண்டும் என்று ஆக்கியவரே பல நேரம் அதில் எழுதியிருப்பார்.

அடுத்து பாராமீட்டர், அதாவது ஒரு தொகுப்புக்குள் இருக்கும் அமைப்புகள். ஃபிர்ஸைத் தேர்ந்து பாராமீட்டர் பட்டனை அழுத்தினால் ‘எகானமி’ என்ற தேர்வு வரும்; எந்தத் தொழிற்சாலைகள், எந்தச் சரக்குகள் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பேசிக் என்று பெயரில் உள்ள ஒன்றிலேயே தொடங்குங்கள். ஸ்டீல்டவுன் என்ற எகானமி பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அதன் சரக்குச் சங்கிலி நீளமானது, முதல் ஆட்டத்துக்கு ஆகாது. பாராமீட்டரும் உலகம் உருவான பின் மாற்றக் கூடாத ஒன்றே. எல்லாம் முடிந்ததும் சேவ் பிரீசெட் மூலம் இந்தப் பட்டியலுக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். பிறகு அப்ளை.

உலகத்தை உருவாக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. வரைபடம் ஒரு பக்கத்துக்கு 64 கட்டம் முதல் 4096 வரை போகும். 256-க்கு 256 அல்லது 512-க்கு 512 போதுமானது. ஃபிர்ஸ் போன்ற தொகுப்பில் தொழிற்சாலை வகைகள் அதிகம். 64 அல்லது 128 என்று சுருக்கினால் இடம் போதாமல், இன்ன தொழிற்சாலைக்கு ஏற்ற இடம் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை வரும். துறைமுகம் போன்றவற்றுக்குக் கடற்கரை வேண்டும் என்பதால் நீர்மட்டத்தை அடியோடு குறைத்துவிடாதீர்கள். இரண்டாவது, தொடக்க ஆண்டு. இயல்பாக 1950 இருக்கும். அயர்ன் ஹார்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓடும், லாரிகளோ அவ்வளவு பின்னால் போகாது. 1860 என்று போட்டுவிட்டு லாரி எங்கே என்று தேடினால் கிடைக்காது. மூன்றாவது, ஊர்ப்பெயர் தொகுப்பு. அதில் உள்ள பெயர்கள் குறைவாக இருந்தால் பெயர் தீர்ந்ததும் ஊர் உருவாவதும் நின்றுவிடும். வரைபடத்தில் ஊர்கள் மிகக் குறைவாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

ஆட ஆரம்பித்தபின், ஃபிர்ஸில் அசல் ஆட்டத்தின் பழக்கம் உதவாது. அங்கே நல்ல சேவை கொடுத்தாலே சுரங்கத்தின் உற்பத்தி உயரும். இங்கே சுரங்கங்களுக்கு என்ஜினியரிங் சப்ளைஸ், பண்ணைகளுக்கு ஃபார்ம் சப்ளைஸ் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உயரும். ஒரே முறை மலையாகக் கொட்டுவதைவிட, சிறிய ரயில் ஒன்று விடாமல் கொண்டுவந்து போடுவது மேல். ஆலைகளுக்குத் தேவையான மூலப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் வெளியீடு முழு அளவில் கிடைக்கும். தொழிற்சாலைச் சாளரத்தைத் திறந்து பார்த்தால் எது வேண்டும் என்பது எழுதியே இருக்கும்.

ஓடும் ஆட்டத்தில் நியூஜிஆர்எஃப் மாற்றுவதை விளையாட்டே இயல்பில் பூட்டி வைத்திருக்கிறது. டெவலப்பர் அமைப்புகள் மூலம் பூட்டைத் திறக்கும் வழி இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், அதைப் பின்பற்ற வேண்டாம். ஒரு ரயில் தொகுப்பை நீக்கினால் அதிலிருந்து வாங்கிய வாகனங்களின் கதி தெரியாது. தொழிற்சாலைத் தொகுப்பை நீக்கினால் சரக்குகளின் வரையறையே போய்விடும். சில நேரம் ஆட்டம் உடனே முறியாது, நாலைந்து ஆண்டு ஓடிய பிறகு தானே மூடிக்கொள்ளும். அப்போது திரும்பிப் போக நல்ல சேவ் இருக்காது. சரக்குப் பகிர்வு, வாகனப் பழுதின் அளவு போன்ற சாதாரண அமைப்புகளுக்கு இந்தத் தடை கிடையாது, அவற்றை இடையில் மாற்றலாம்.

பழைய சேவைத் திறக்கும்போது சில கோப்புகள் இல்லை என்று வந்தால் பதறாதீர்கள். ஒவ்வொரு கோப்பின் அடையாள எண்ணும் சேவுக்குள்ளேயே இருக்கிறது. லோடு சாளரத்திலேயே காணாமல் போனவற்றை இணையத்தில் தேடும் பட்டன் உண்டு. அதைச் செய்யாமல் அப்படியே திறந்தால் அந்தக் கோப்புகள் முடக்கப்பட்டு ஆட்டம் திறக்கும். அந்த நிலையில் பழைய பெயரிலேயே சேவ் செய்துவிடாதீர்கள்.

களஞ்சியத்தில் இல்லாத தொகுப்பைக் கையால் போட வேண்டுமென்றால், விண்டோஸில் டாக்குமென்ட்ஸுக்குள் உள்ள ஓப்பன் டிடிடி ஃபோல்டரில் நியூஜிஆர்எஃப் என்ற ஃபோல்டருக்குள் வையுங்கள். டார் கோப்பாக இருந்தால் பிரிக்க வேண்டாம், அப்படியே படிக்கும். ஜிப்பை மட்டும் படிக்காது, கட்டாயம் பிரித்துத்தான் போட வேண்டும். ‘கோப்பு இருக்கிறது, பட்டியலில் வரவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆட்டம் திறந்திருக்கும்போது போட்டிருந்தால் ரீஸ்கேன் பட்டனையும் அழுத்துங்கள்.

எதிராளி நிறுவனம் எதுவும் செய்யாமல், பொருத்தமான ஏஐ கிடைக்கவில்லை என்று மட்டும் செய்தி வந்தால் அது கோளாறே இல்லை. ஏஐயும் தனியாக இறக்க வேண்டிய பொருள்தான். ஆனால் ஃபிர்ஸோடு ஒத்துப்போகாத ஏஐகளும் உண்டு.

நண்பர்களோடு ஆட எல்லோரிடமும் ஒரே விளையாட்டுப் பதிப்பும் அதே நியூஜிஆர்எஃப்களும் இருக்க வேண்டும். 12-ஆம் பதிப்பு முதல் அழைப்புக் குறியீடு வந்துவிட்டதால் ரவுட்டரில் போர்ட் திறக்கும் தலைவலி இல்லை. கூடுதல் வசதிகளுக்காக ஜேஜிஆர் பேட்ச் பேக் என்ற கிளைப் பதிப்புக்குப் போகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: அதில் செய்த சேவ் மூலப் பதிப்பில் திறக்காது.

சொந்தமாக ஒரு எஞ்சின் செய்யும் ஆசை வந்தால் அதற்கு என்எம்எல் என்ற எளிய மொழி இருக்கிறது. ஃபிர்ஸின் மூலநிரலைத் திறந்து கற்கலாம் என்று போகாதீர்கள், அது பைத்தான் வார்ப்புருக்களிலிருந்து உருவாவதால் தலை சுற்றும். ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் பிளஸ் டிரெயின்ஸ் நேரடியாக என்எம்எல்லில் எழுதியது, படிக்க ஏற்றது. வாகனப் படம் எட்டுத் திசைக்கும் வேண்டும், முன்பின் ஒன்றுபோல இருக்கும் வண்டிக்கு நான்கு வரைந்தால் போதும். கோப்புக்கு நான்கு பைட் அடையாளம் ஒன்று கொடுக்க வேண்டும். மாதிரிக் கோப்பில் உள்ளதை அப்படியே விட்டுவைத்தால் மாதிரியையும் உங்களுடையதையும் ஒரே ஆட்டத்தில் சேர்த்து ஏற்ற முடியாது.